காட்டு வாசல்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வனவர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: பிள்ளைகளுடன் முதுமலை சஃபாரி போனோம். மானும் மயிலும்தான் வந்தன, புலி கண்ணில் படவில்லை. மசினகுடியில் ராத்திரி ஜீப்பில் போனால் நிச்சயம் பார்க்கலாம் என்கிறார்கள். போகலாமா?
— வாசகி, திருப்பூர்

போகாதீர்கள் அம்மா. தெப்பக்காட்டில் வனத்துறை நடத்தும் வண்டிதான் முறையான வழி. அனுமதி இல்லாமல் இரவில் காட்டுக்குள் நுழைவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மாட்டிக்கொண்டால் ஜீப்காரரோடு உங்களுக்கும் வழக்கு வரும். கண்ணுக்கு நேரே டார்ச் அடித்தால் மானுக்குச் சற்று நேரம் ஒன்றுமே தெரியாது. அந்த நேரத்தில் பக்கத்தில் சிறுத்தை இருந்தால் மானின் கதி என்ன?

முதுமலையின் மையப்பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். சஃபாரி வண்டி ஓடுவது அதில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் புலி வந்து நிற்க வேண்டும் என்று டிக்கெட்டில் எழுதித் தர யாராலும் முடியாது. அடுத்த முறை போகும்போது பிள்ளைகளிடம் புலியைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். டிரைவரிடம் ஓரிடத்தில் இரண்டு நிமிடம் இஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். மந்தி மரத்தின் மேலிருந்து இருமுவதுபோல் கத்தினால், அல்லது புள்ளிமான் விடாமல் கூவினால், கீழே ஏதோ நடமாடுகிறது என்று பொருள். மலை அணிலின் கூடு, யானை உடம்பைத் தேய்த்துச் சேறு அப்பிய மரம், காட்டுமாட்டின் சாணம் என்று தேடச் சொன்னால் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.

இன்னொன்று. வழியில் மஞ்சள் பூ கொட்டிக் கிடக்கும் மரங்களின் முன்னால் நின்று எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். சென்னா என்கிற அந்த மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அது மண்டிய இடத்தில் புல் முளைக்காது. புல் இல்லாத இடத்தில் மானுக்கு என்ன வேலை? மான் இல்லாத இடத்தில் புலிக்கு என்ன வேலை? இப்போது வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். 'நல்ல மரத்தை வெட்டுகிறார்களே' என்று யாராவது வாட்ஸ்அப்பில் புலம்பினால் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: சத்தியமங்கலம் காட்டு வழியே போகும் திம்பம் மலைப்பாதையை ராத்திரியில் அடைத்துவிட்டார்கள். லாரி வைத்துப் பிழைப்பவன் என்ன செய்வது? மிருகத்துக்கு இருக்கும் மரியாதை மனுஷனுக்கு இல்லையா?
— லாரி உரிமையாளர், கோபி

உங்கள் கோபம் புரிகிறது ஐயா. சுற்றிப் போனால் டீசல் கூடும், காத்திருந்தால் ஒரு நாள் போகும். ஆனால் அந்த ரோட்டில் ராத்திரி வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 27 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது ஒரு லாரி மக்கர் செய்தால் மேலும் கீழும் வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிடும். ரோட்டைக் கடக்க வந்த யானைக் கூட்டம் குட்டியோடு திரும்பிப்போகும். 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்ன தடை அது. ஆம்புலன்சுக்கும் பால் வண்டிக்கும் விலக்கு உண்டு. முதுமலைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் பந்திப்பூரில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை தடை 2009இலிருந்தே இருக்கிறது. அங்கேயும் லாரிக்காரர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. மலையடிவாரத்தில் பண்ணாரி சோதனைச்சாவடியில் விடிய விடியக் காத்திருக்கும் டிரைவர்களுக்குச் சுத்தமான கழிப்பறையும், படுக்க நிழலான இடமும் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

தாளவாடிப் பக்கமிருந்து கரும்பு ஏற்றினால் பாரத்தின் மேல் தார்பாய் கட்டுங்கள். ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் யானைகள் கரும்பு லாரிக்காகவே ரோட்டில் நிற்கின்றன. பாவம் என்று நாலு கரும்பை எறிந்துவிட்டுப் போகிறார் ஒரு டிரைவர். அடுத்த லாரியை அந்த யானை மறிக்கிறது. கூட நிற்கும் குட்டியும் கற்றுக்கொள்கிறது. எறிந்ததற்கு அபராதம் போட்டால் 'தர்மம் செய்ததற்கா தண்டனை' என்று கேட்கிறார்கள். ஆமாம், அதற்குத்தான்.

கேள்வி: காட்டுக்குள் டிரோன் பறக்கவிடலாமா?
— கல்லூரி மாணவர், கோவை

கூடாது தம்பி. அனுமதி இல்லாமல் விட்டால் டிரோனும் போகும், அப்புறம் வழக்கும் வரும்.

கேள்வி: வேடந்தாங்கலுக்கு எப்போது போவது நல்லது?
— வாசகர், தாம்பரம்

பொதுவாக நவம்பர் முதல் மார்ச் வரை. மழை பொய்த்த வருஷத்தில் ஏரியும் பொய்க்கும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். சாயங்காலம் நாலு மணிக்குக் கரையில் நின்றால் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கூட்டம் கூட்டமாக வந்து அடைவதைப் பார்க்கலாம். அந்தப் பறவைகளைக் காத்தது முதலில் ஊர்க்காரர்கள்தான். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட வந்தபோது கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798இல் எழுத்தில் உத்தரவே வாங்கினார்கள். சரணாலயம் என்ற பெயர் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான் வந்தது. போகிறவர்கள் ஹார்ன் அடிக்காமல் இருந்தாலே போதும்.

கேள்வி: எங்கள் ஊர் காட்டை ஒட்டியது. மாட்டுக்கு ஊசி போடும்போது கவனம் என்று வனத்துறை சொல்கிறது. மாட்டு ஊசிக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்?
— விவசாயி, சத்தியமங்கலம் வட்டம்

நேரடிச் சம்பந்தம். மாயாறு பள்ளத்தாக்கில் ஆற்றோர நீர்மருத மரங்களில் பாறுகள் கூடு கட்டுகின்றன. பிணந்தின்னிக் கழுகு என்றால் உங்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடும். வலியும் வீக்கமும் குறைய டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடு செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். அதனால் கால்நடைக்கு அந்த மருந்தை 2006இலேயே தடை செய்தார்கள். 2023இல் அதே வகை மருந்துகளான கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் தடையாயின. அதே வேலையைச் செய்யும் மெலாக்சிகாம் பாறுகளுக்குப் பாதுகாப்பானது. மாட்டுக்குக் காய்ச்சலோ வீக்கமோ வந்தால் கால்நடை மருத்துவரிடம் 'மெலாக்சிகாம் போடலாமா' என்று கேளுங்கள். மெடிக்கல் கடையில் மனிதர்களுக்கான ஊசியை வாங்கி நீங்களே போடாதீர்கள்.

சிறுத்தையோ புலியோ மாட்டை அடித்துவிட்டால், ஆத்திரத்தில் சடலத்தில் பூச்சிமருந்து தடவுபவர்கள் உண்டு. வந்த புலி தப்பிக்கலாம், பாறு தப்பாது. சடலத்தை நகர்த்தாமல் போட்டோ எடுத்து, உடனே வனக்காப்பாளருக்குப் போன் போடுங்கள். அவர் வந்து பார்த்து எழுதினால்தான் இழப்பீட்டு மனு நகரும். தாமதம் என்று அலைக்கழித்தால் ரேஞ்சர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துவிட்டு, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.