கறுப்புப் பூவா, இளஞ்சிவப்புப் பூவா?

வணக்கம் அக்கா. தென்னாப்பிரிக்காவின் மக்காண்டா ஊர்ப் பக்கம் பார்த்த 'ஜெரேனியம்' பூச்செடி, பெலர்கோனியம் என்ற பேரினத்தில் சிடாய்டஸ் வகையா, ரெனிஃபார்மே வகையா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அது பெலர்கோனியம்தானா என்று பாருங்கள். பெலர்கோனியம் பூவில் மேலிதழ் இரண்டும் கீழிதழ் மூன்றும் வேறாக இருக்கும். பூக்காம்பை விரலால் தடவினால் நடுவே சின்னப் புடைப்பு தட்டுப்படும், பூவின் தேன் இருக்கும் மெல்லிய குழல் காம்புக்குள் முடியும் இடம் அது. இங்கே டர்பனின் சாட்ஸ்வர்த்தில் என் தொட்டிச் செடியில் இதை எத்தனை முறை தடவிப் பார்த்தாலும் அலுக்காது! உண்மையான ஜெரேனியத்தில் அந்தக் குழல் கிடையாது. 1789-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரிட்டியே இரண்டையும் தனித்தனிப் பேரினமாகப் பிரித்தார், ஆனாலும் பெலர்கோனியத்துக்கு ஜெரேனியம் என்ற பழைய பெயர்தான் வாயில் ஒட்டிக்கொண்டது.

சரி, இலையை நம்பாதீர்கள். இதய வடிவம் சிடாய்டஸ், சிறுநீரக வடிவம் ரெனிஃபார்மே என்பார்கள். இரண்டும் வெல்வெட் மாதிரிதான், ஏமாந்துபோவோம். பூதான் சொல்லும்: கறுப்பைத் தொடும் கருஞ்சிவப்பு என்றால் சிடாய்டஸ், இளஞ்சிவப்பு என்றால் ரெனிஃபார்மே.

மருந்துக்காக இந்தச் செடிகளின் வேரைத் தோண்டித் தோண்டியே எடுக்கிறார்கள். நீங்கள் தோண்டிப் பார்க்க வேண்டாம் அக்கா, பூவைப் பக்கவாட்டில் படம் எடுத்துப் போடுங்கள்.