ஆர்க்கிடுக்கும் கிறிஸ்துமஸ் மரத்துக்கும் ஒரே மண், ஒரே தண்ணீரா?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கொடைக்கானல் நர்சரியில் ஓர் ஆர்க்கிடும் ஒரு கிறிஸ்துமஸ் மரக் கன்றும் வாங்கினேன். இரண்டும் மலைச் செடிதானே என்று வயல் மண் நிரப்பிய தொட்டிகளில் வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆர்க்கிட் வேர் அழுகுகிறது, மரத்தில் கீழ்க்கிளைகள் காய்கின்றன. என்ன செய்யலாம்?"

வாங்கிய இடம்தான் ஒன்றே தவிர, இவை நெருங்கிய உறவே இல்லை. ஆர்க்கிட் பூக்கும் தாவரம், அதிலும் ஒருவித்திலை. உங்கள் வயல் நெல்லும் கொல்லைத் தென்னையும் அதே கூட்டம். கிறிஸ்துமஸ் மரமோ பூவும் கனியும் இல்லாமல் கூம்பில் விதை வைக்கும் திறந்த விதைத் தாவரம். மிகப் பழைய வம்சம் அது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் மரமும் அந்த வகைதான். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

முதலில் ஆர்க்கிடைக் காப்பாற்றுவோம். காட்டில் பெரும்பாலான ஆர்க்கிடுகள் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. ஆனால் ஒட்டுண்ணி அல்ல. வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற உறை உண்டு. மழை பெய்யும்போது அது நீரை உறிஞ்சும், காற்றில் சீக்கிரம் உலரும். களிமண்ணுக்குள் அந்த வேருக்குக் காற்றே கிடைக்காது. அழுகிய வேரைச் சுத்தமான கத்தியால் நறுக்கிவிட்டு, ஊறவைத்த தேங்காய் மட்டையில் கட்டுங்கள், அல்லது கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போட்ட துளைத்தொட்டியில் வையுங்கள். காலை வெயில் மட்டும் போதும். வேர் வெள்ளிநிறமாக இருந்தால் தண்ணீர் தெளிக்கலாம்; பச்சையாக இருந்தால் வேண்டாம். உப்பான போர்த் தண்ணீரைவிட மழைநீர் நல்லது. டென்ட்ரோபியம் வகை என்றால் நம் வெப்பத்தைத் தாங்கும். சிம்பிடியம் என்றால், செடி பிழைத்தாலும் இங்கே பூப்பது கடினம். அதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். சமவெளியிலேயே மா, புளி மரங்களில் வளரும் வாண்டாதான் டெல்டா வீடுகளுக்கு என் முதல் சிபாரிசு.

கிறிஸ்துமஸ் மரம் என்று நர்சரிகளில் விற்பது பெரும்பாலும் அரோகேரியா. அது மலை மரம்கூட இல்லை, பசிபிக் தீவுகளின் கரையோரத்து மரம். அதனால் உப்புக்காற்றைத் தாங்கும், வேரில் தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. செம்மண், ஆற்று மணல், மக்கிய எரு கலந்த தொட்டிக்கு மாற்றி, நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். காய்ந்த கிளை மறுபடி துளிர்க்காது, வெட்டிவிடலாம். உச்சிக் குருத்தை மட்டும் தொடாதீர்கள். பின்னாளில் தரையில் நடுவதாக இருந்தால் ஐப்பசி அடைமழை முடியட்டும். தண்ணீர் வடிகிற மேட்டில் நடுங்கள்.