மகனுக்கு 45-க்கு 29: கேம் அடிமையா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் எப்போதும் மொபைலில் கேம் ஆடுகிறான். இணையத்தில் கிடைத்த ஒன்பது கேள்விச் சோதனையைத் தமிழாக்கி, அவனுக்காக நானே பதில் போட்டுப் பார்த்தேன். 45-க்கு 29 வந்தது. அவன் அடிமையாகிவிட்டானா டாக்டர்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: 29-ஐ வைத்து அப்படி முடிவு செய்யாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வது 2015-ல் பொன்டெஸ், கிரிஃபித்ஸ் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட வினாப்பட்டியல் போலத் தெரிகிறது. கோளாறு இருக்கலாம் என்று சந்தேகிக்க, அவர்கள் 36 மதிப்பெண்ணை எல்லையாகச் சொன்னார்கள். இத்தாலிய ஆய்வொன்றில் அது 21, சீன ஆய்வொன்றில் 32. உங்கள் மகனின் மதிப்பெண் ஒரு நாட்டுக் கணக்கில் எல்லையைத் தாண்டுகிறது, இன்னொன்றில் தாண்டவில்லை. அதனால்தான் ஒவ்வொரு மொழியிலும், ஒவ்வொரு வயதினரிடமும் பட்டியலைத் தனியாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளே பதில் எழுத வேண்டும். அந்த மதிப்பெண்ணைப் பார்க்காத மனநல மருத்துவர் அவர்களை நேரில் விசாரிக்க வேண்டும். பிறகு இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். உங்கள் சோதனையில் பதில் சொன்னது அவனல்ல, கவலையிலிருந்த அம்மா. மொழிபெயர்ப்பையும் யாரும் சரிபார்க்கவில்லை.

நன்கு சரிபார்த்த பட்டியலும் தடுமாறும். ஒரு கணக்குக்கு, ஆயிரம் பிள்ளைகளில் 20 பேருக்கு உண்மையில் கேம் அடிமைக் கோளாறு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டியல் நூற்றுக்கு 90 முறை சரியாகச் சொல்கிறது. அந்த 20 பேரில் 18 பேரைப் பிடித்துவிடும். ஆனால் கோளாறு இல்லாத 980 பேரில் 98 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். 'எப்போதும் கேம் நினைப்புதானா?' என்று கேட்டால், ஆர்வமாக ஆடும் நல்ல பிள்ளையும் 'ஆமாம்' என்றுதானே சொல்லும்!

ஆகவே மதிப்பெண்ணை விட்டுவிட்டு மகனைக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு (2022 முதல் நடைமுறை) மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முக்கியமாவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது. வாழ்க்கையே பாதிக்கப்படும் அளவுக்கு இவை பொதுவாக ஓராண்டாவது நீடிக்க வேண்டும். லீவில் நாள் முழுக்க ஆடியது இதில் சேராது.

தூக்கம் கெடுகிறதா, பள்ளிக்கு மட்டம் போடுகிறானா, நண்பர்களை விட்டு விலகுகிறானா? அவனையே கேளுங்கள், அதட்டாமல். சில பிள்ளைகள் மனச்சோர்விலிருந்தோ பள்ளியில் படும் கேலியிலிருந்தோ தப்பிக்கத்தான் விளையாட்டில் ஒளிகிறார்கள். அங்கே போனைப் பிடுங்குவதால் பயனில்லை. இவற்றில் ஏதாவது இருந்தால் ஓராண்டு வரை காத்திருக்காமல் அவனை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி அவன் பேசினால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.