‘காய்’ கேட்டால் ‘தாய்’ என்கிறது பிள்ளை

கேள்வி: நிலாவெளியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நாலரை வயதுப் பிள்ளையொன்று ‘காய்’ என்பதைத் ‘தாய்’ என்றும் ‘கட்டு’ என்பதைத் ‘தட்டு’ என்றும் சொல்கிறது. திருத்தியும் சரிவரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் காது. நடுக்காதில் நீர் கட்டியிருந்தால் ஒலிகள் மங்கித்தான் கேட்கும். வைத்தியசாலையில் கேட்டல் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நாலு வயது தாண்டிவிட்டதால் பேச்சுச் சிகிச்சையாளரிடமும் காட்டட்டும்.

‘சரியாச் சொல்லு’ என்று வற்புறுத்துவதை விடுங்கள். பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். ககரத்துக்கு நாக்கின் பின்பகுதி எழும்ப வேண்டும். இந்தப் பிள்ளைக்கு நுனி பல்லுக்கு ஓடுகிறது. காய், தாய் படங்களை வைத்து, நீங்கள் சொல்வதைத் தொடச் சொல்லுங்கள். பத்துக்கு எட்டுச் சரியானதும் பிள்ளை சொல்லட்டும், நீங்கள் தொடுங்கள். ‘தாய்’ என்றால் தாயைத்தான் தொடவேண்டும். இரங்கிக் காயைத் தொட்டால் பயிற்சி வீண்.

சொல்லப் பழக்க ‘அக்கா’, ‘பாக்கு’ நல்லது. ‘காகம்’ வேண்டாம், அதன் நடு ககரம் பேச்சில் இளகிவிடும். நுனி இன்னும் முந்தினால் மல்லாக்கப் படுக்கவைத்துச் சொல்லவையுங்கள், நாக்கு பின்னுக்குச் சரியும். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். மற்ற நேரம் ‘தண் நோகுது’ என்றால், ‘ஓம், கண் நோகுதா?’ என்று கேட்டுவிட்டுக் கதையைத் தொடருங்கள்.