பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஈயத்துக்குப் பதிலான மருந்து ஊற்றியே ஆகணுமா?

டர்பனில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவின் 1970 எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது. டேங்க் நிரப்பும்போதெல்லாம், முன்பு பெட்ரோலில் இருந்த ஈயத்துக்குப் பதிலாக ஈய மாற்று மருந்து ஊற்றாவிட்டால் வால்வு போய்விடும் என்கிறார் ஒருவர், வீண் செலவு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது என்று குழம்பியிருக்கிறார்.

தம்பி, என்னிடம் இருப்பது 1968 எம்ஜிபி. டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு வாசலில் இருபது வருஷமாக நிற்கிறது, அதனால் பட்டதை வைத்தே சொல்கிறேன். மருந்து வாங்கும் முன், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் ஒன்று வாங்குங்கள்.

தென்னாப்பிரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2006 ஜனவரியோடு நின்றது. பெட்ரோலில் ஈயம் இரண்டு வேலை பார்த்தது. ஒன்று, ஆக்டேனை, அதாவது பெட்ரோல் முன்கூட்டியே வெடித்துவிடாமல் தாங்கும் திறனை, ஏற்றியது. இன்னொன்று, எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வும் அது உட்காரும் சீட்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவே மெல்லிய படலமாக நின்றது. அந்தப் படலம் இல்லாமல் வால்வு சூடேறி அடிக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவில் சீட்டோடு ஒட்டி, பிய்ந்து, ஒட்டி, பிய்ந்து, கடைசியில் வார்ப்பிரும்பு சீட்டையே அரைத்துவிடும். வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள், அதாவது இஞ்சினின் மேல் மூடிக்குள், ஏறிக்கொண்டே போகும்.

எம்ஜிபியின் ஹெட் முழுக்க வார்ப்பிரும்பு, சீட்டும் அதிலேயே கடைந்தது, ஆகவே நம் காருக்கு இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் எல்லாவற்றுக்கும் இதைச் சொல்ல முடியாது. அலுமினிய ஹெட் என்றால் சீட்டைக் கெட்டியான உலோகத்தில் தனியாகச் செய்துதான் பதிக்க முடியும். என் மைத்துனரின் பழைய ஆல்ஃபா ரோமியோ அப்படிப்பட்டது. அவர் ஒரு சொட்டு மருந்தும் ஊற்றியதில்லை, வால்வுகள் நன்றாகவே இருக்கின்றன.

அப்புறம், ஓட்டும் விதம். சனிக்கிழமை கோவிலுக்கும் கடற்கரைக்கும் நிதானமாகப் போய் வருகிற காரில் தேய்மானம் மிக மெதுவாகத்தான் நடக்கும். ஆக்ஸிலரேட்டரை விடாமல் அழுத்தி மணிக்கணக்கில் போகும்போதுதான் சீட்டுக்கு ஆபத்து. நான் இதைத் தெரிந்துகொண்டது ஜோஹன்னஸ்பர்க் கல்யாணத்துக்குப் போய் வந்த பிறகு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் என்ற மலையின் ஏற்றம், பிறகு வான் ரீனன் கணவாய், மேலே போனதும் நேர் சாலையில் விடாத வேகம். திரும்பி வந்து ஹெட்டின் மேலுள்ள ராக்கர் கவரைக் கழற்றி, வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தேன். இடைவெளி 15 தௌ இருக்கணும், அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 15 பங்கு. முன்னாலிருந்து எண்ணினால் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட் வால்வுகள். 1, 8 இரண்டும் ஏறக்குறைய சரியாக இருந்தன. 4, 5 இரண்டிலும் 10 தௌ தகடுகூட இறுக்கமாகத்தான் நுழைந்தது. அந்த இரண்டும் ஒரே எக்ஸாஸ்ட் வழியைப் பங்கு போடுவதால் அங்கேதான் சூடு அதிகம். இடைவெளி குறைகிறது என்றால் வால்வு மேலே ஏறுகிறது என்று அர்த்தம். அது பூஜ்யமானால் வால்வு மூடாது, மூடாத வால்வு கருகிப்போகும். வால்வு தட்டும் டாப்பெட் சத்தமே இல்லை, வண்டி ஜம்மென்று ஓடுகிறது என்று சந்தோஷப்படும் நேரத்தில்தான் இது நடந்துகொண்டிருக்கும், அதனால் காதை நம்பாதீர்கள்.

ஆகவே இப்போது ஒரு தடவை அளந்து 15க்கு வைத்து, நோட்டில் எழுதுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடி அளங்கள். எக்ஸாஸ்டில் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் மருந்து தேவை. அசையவில்லை என்றால் அப்பாவே எப்போதோ கெட்டியான சீட் போட்டிருக்கலாம், பழைய பட்டறை ரசீதுகளைத் தேடிப் பாருங்கள்.

மருந்து ஊற்றுவதென்றால் பொட்டாசியம், சோடியம், பாஸ்பரஸ், மாங்கனீஸ் என்று பல வகை உண்டு. ஒன்றைப் பிடித்தால் அதையே தொடருங்கள், இரண்டைக் கலக்க வேண்டாம். மாங்கனீஸ் வகை ஸ்பார்க் பிளக்கில் செங்கல் நிறத்தில் படியும், பார்த்து மிரள வேண்டாம். சீசாவில் எழுதிய அளவுக்கு மேல் ஊற்றுவதால் கூடுதல் பாதுகாப்பு ஒன்றும் கிடைக்காது.

ஆக்டேன் வேறு விஷயம். மேலே ஜோஹன்னஸ்பர்க்கில் காற்று மெலிந்திருப்பதால் 93 போதும். நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம், 95 தான் போடணும். அதுவும் ஏற்றத்தில் இஞ்சினுக்குள் கோலிக்குண்டு குலுங்குவது போலச் சத்தம் வந்தால் ஸ்பார்க் விழும் டைமிங்கை ஓரிரு டிகிரி பின்னால் தள்ளுங்கள். எல்லா ஈய மாற்று மருந்தும் ஆக்டேனை ஏற்றாது, சீசாவைப் படித்து வாங்குங்கள்.

நான் ஊருக்குள் ஓடும்போது ஊற்றவில்லை, நெடுந்தூரம் போகும் டேங்குகளுக்கு மட்டும் ஊற்றினேன். சில வருஷம் கழித்து ஹெட் கேஸ்கெட் போனது. எப்படியும் ஹெட்டைக் கழற்றியாச்சே என்று நாலு எக்ஸாஸ்ட் சீட்டையும் கெட்டியான வளையமாக மாற்றச் சொன்னேன். அதிலிருந்து மருந்தே வாங்கவில்லை, 4, 5 இரண்டும் 15இலேயே நிற்கின்றன. உங்கள் ஹெட் நன்றாக இருந்தால் இதற்காக மட்டும் கழற்றாதீர்கள். முதல் அளவு எடுத்ததும் எட்டு எண்களையும் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.