கேட்டுவிட்டுக் காத்திருங்கள்

அன்புள்ள ஐயா,

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இது இரண்டாவது வருடம். பிள்ளைகளிடம் எவ்வளவு நெருங்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது இன்னும் பிடிபடவில்லை. கண்டிப்பாக இருந்தால் பயப்படுகிறார்கள், சிரித்துப் பேசினால் தலைமேல் ஏறுகிறார்கள். பிறந்தநாள் பட்டியல் ஒட்டினேன், வாரம் ஒரு பீரியட் விளையாட்டுக்கென்று ஒதுக்கினேன். சிலர் ஒட்டிக்கொண்டார்கள், மற்றவர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பையன், எதைக் கேட்டாலும் எழுந்து நிற்பான், வாயே திறக்க மாட்டான். சங்கடப்படுத்த வேண்டாமே என்று இப்போதெல்லாம் அவனைக் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டேன். மாணவர்களோடு வாட்ஸப் குழு தொடங்கலாமா என்றும் ஒரு யோசனை. நெருக்கத்தை எப்படித்தான் உண்டாக்குவது?

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

வாட்ஸப் குழு வேண்டாம். பிறந்தநாள் பட்டியல் இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. கண்டிப்பும் பிரியமும் ஒரே ஆளிடம் இருக்க முடியும், அப்படிப்பட்டவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு மேல் அதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அந்தப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாகவே நான் யோசித்துக்கொண்டிருப்பதும் இதைத்தான். ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பேசாமல் நிற்கிறார்?

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதை அளந்தே பார்த்தார். அறிவியல் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதற்குள் வேறொருவனைக் கேட்டுவிடுவார்கள், இல்லையென்றால் தாங்களே பதிலைச் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு நொடியை மூன்று நொடிக்கு மேல் நீட்டச் சொன்னார் ரோ. பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், தாங்களாகவே கேள்வியும் கேட்டார்கள். 1974இல் அவர் இதைக் கட்டுரையாக எழுதினார். அதில் இன்னொன்றும் இருக்கிறது, என்னை உறுத்துவது அதுதான். வகுப்பில் முதல் ஐந்து பேர் யார், கடைசி ஐந்து பேர் யார் என்று ஆசிரியர்களிடமே கேட்டுக்கொண்டு ஒலிநாடாவைப் பார்த்தால், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு நொடி கிடைத்திருக்கிறது. கடைசி ஐவருக்கு ஒரு நொடிகூட இல்லை. யாருக்கு அதிக நேரம் தேவையோ அவர்களுக்குப் பாதி. அந்த ஆசிரியர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. தாங்கள் இப்படிச் செய்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

உங்களுக்குத் தெரியும். தெரிந்தே அந்த ஒரு நொடியையும் பிடுங்கிக்கொண்டு, அதை இரக்கம் என்று நினைக்கிறீர்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வி தன்னைத் தாண்டித் தாண்டிப் போவதைப் பார்க்கிற பையன், டீச்சர் நம்மைச் சங்கடப்படுத்தாமல் இருக்கிறார் என்றா நினைப்பான்? தண்ணி தெளித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பான்.

எங்களுக்குக் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, யாருடைய பிறந்தநாளும் அவருக்குத் தெரியாது. ஒருநாள் பின்னம் வைத்த சமன்பாடு ஒன்றைப் பலகையில் எழுதி என்னை எழுப்பினார். எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. முன்வரிசையில் 'சார், சார்' என்று கைகள். அவர் சாக்பீஸை மேசைமேல் வைத்தார், விரல்களைத் தட்டித் தூளை உதறினார். "கையை இறக்குங்கடா, அவன் யோசிக்கிறான்ல" என்றார். நான் யோசிக்கவே இல்லை, பயந்துபோய் நின்றிருந்தேன். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் யோசிக்கவே ஆரம்பித்தேன். "ரெண்டு பக்கமும் பகுதியால..." என்று இழுத்தேன். "ம்" என்றார், மேலே எதுவும் சொல்லவில்லை. அப்புறம் மீதியும் தானாக வந்தது. இன்னொரு வாத்தியார் ரொம்பப் பிரியமானவர், பதில் வராவிட்டால் "பரவாயில்ல ராஜா, உட்காரு" என்பார். அவருடைய பாடத்தில் வருடம் முழுக்க நான் வாயே திறந்ததில்லை.

அந்த "ம்" சாதாரண விஷயமில்லை. பிள்ளை பதிலை முடித்த பிறகும் ஆசிரியர் உடனே 'சரி', 'வெரிகுட்' என்று விழாமல் சற்றுப் பொறுக்க வேண்டும் என்பதை ரோ முக்கியமாகச் சொன்னார். பாதி சொன்னவன் மீதியைச் சொல்வதற்கான இடம் அது. பாராட்டுகூட அந்த இடத்தை அடைத்துவிடும்.

ஆனால் ஒன்று, முறைத்துக்கொண்டு நிற்பது காத்திருப்பது ஆகாது. பேசாத பையனை எழுப்பி நிறுத்தி, வகுப்பே திரும்பிப் பார்க்க நீங்களும் மௌனமாக நின்றால் அது தண்டனை. நாளை உன்னிடம் இதைக் கேட்பேன் என்று முந்தின நாளே அவன் பெஞ்சுக்குப் போய்த் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். கேள்வியை எல்லோருக்கும் பொதுவாகக் கேளுங்கள், எல்லோரும் நோட்டில் ஒரு வரி எழுதட்டும், பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதற்கப்புறம். அப்போதும் வரவில்லையென்றால் 'திரும்ப உன்கிட்ட வர்றேன்' என்று சொல்லிவிட்டு அந்தப் பீரியட் முடிவதற்குள் கட்டாயம் போங்கள். சொல்லிவிட்டுப் போகாமல் விட்டால், கேட்காமல் இருந்ததைவிட மோசம். கேள்வியும் யோசிக்கத் தகுந்ததாக இருக்கட்டும். நீரின் வாய்ப்பாடு என்ன என்று கேட்டுவிட்டு மூன்று நொடி நிற்பதில் பயன் இல்லை. இரும்பு ஆணி மூழ்குகிறது, இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது என்று கேளுங்கள்.

"கப்பல் பெருசு, அதான்" என்று அவன் சொல்லலாம். தப்பு என்று தள்ளிவிடாதீர்கள், 'பெருசா இருந்தா எப்படி மிதக்கும்?' என்று கேட்டு மறுபடி பொறுத்திருங்கள். அவன் சொன்னதில் பாதி சரி. பெரிதாக, உள்ளே குழிவாக இருப்பதால்தான் தன் எடைக்குச் சமமான நீரைக் கப்பல் விலக்க முடிகிறது. அந்தப் பாதியிலிருந்தே அன்றைய பாடத்தைத் தொடங்குங்கள், கப்பல் பெருசு என்று முதலில் சொன்னது அவன்தான் என்று அவன் பெயரையும் சேர்த்துச் சொல்லி.