கேம்பர் வேன் ஒழுகுகிறது, மூன்று மாதக் கெடு நெருங்குகிறது

கேள்வி: எனது ஊர் மட்டக்களப்புக் கல்லடி. பாசிக்குடா, அறுகம்பைக்கு வரும் வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடலாம் என்று எனது பழைய டொல்பின் வேனை ஒரு கராஜில் கொடுத்து, கட்டில், சிங்க், கூரையில் காற்றுத் துவாரம் எல்லாம் வைத்து கேம்பர் வேனாக மாற்றினேன். செப்டெம்பர் 20இல் கையில் தந்தார்கள். நவம்பர் மழையில் கூரை ஒழுகி, கட்டில் பலகை ஊதிவிட்டது. திரும்பக் கொண்டுபோனால் சிலிக்கன் பூசி அனுப்புகிறார்கள். பில் இருக்கிறது, வாரண்டி எழுதித் தரவில்லை. நான் கராஜுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஒன்றரை இலட்சம் ரூபாய். படங்கள் இணைத்துள்ளேன். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கலண்டரைப் பாருங்கள். இலங்கையின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம், விற்பனை அல்லது சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். ஒழுக்கைக் கண்ட நாளிலிருந்து எண்ண முடியாது. நமது பக்கத்தில் இது பெரிய வில்லங்கம். ஆடி வெயிலில் வாகனத்தை எடுத்தவருக்குக் கூரையின் இலட்சணம் கார்த்திகை மழையில்தான் தெரியும், அதற்குள் கெடு ஓடிவிடும். உங்களுக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னால் மட்டும் போதாது. இந்த வாரமே கச்சேரியிலுள்ள (மாவட்டச் செயலகம்) அதிகாரசபை அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

வாரண்டித் தாள் இல்லையே என்று சோர வேண்டாம். தொழிலாகச் செய்பவர் கவனத்தோடும் திறமையோடும் செய்வார், போடும் பொருள் அந்த வேலைக்குத் தோதாக இருக்கும் என்ற உத்தரவாதம் எழுதாமலே உண்டு. பில்லில் துவாரம், பலகை, வயரிங் என்று தனி விலை போட்டிருந்தால் அவற்றைப் பொருளாகவும், பொருத்தியதை வேலையாகவும் பிரித்து எழுதுங்கள். "நாங்கள் விற்கவில்லை, வேலைதான் செய்தோம்" என்று நழுவ இடம் வைக்கக் கூடாது. அதிகாரசபை விசாரித்து நட்டஈடு, மாற்றீடு அல்லது பணத்தைத் திருப்பித் தருமாறு உத்தரவிடலாம். வாடகை போன நட்டத்துக்கு நீதிமன்றமே சரியான இடம். தொகையைப் பொறுத்து அதற்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டி வரலாம். வழக்குப் போட, எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடம் காலக்கெடு. உங்களிடம் பில் மட்டும்தான் இருப்பதால் மூன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் படத்தில் துவாரத்தின் விளிம்பில் பழைய சிலிக்கன் அழுக்கோடு உரிந்து தொங்குகிறது, அதன் மேலேயே புதிதைப் பூசியிருக்கிறார்கள். இது நல்ல சாட்சி, சுரண்டி எடுத்துவிடாதீர்கள். வேறு யாரிடமும் திருத்துவதற்கு முன், அனுபவமுள்ள இன்னொரு வாகன பொடி (body) வேலைக்காரரிடம் குறையையும் திருத்தும் செலவையும் எழுதி, கையொப்பம் வாங்குங்கள். பிறகு கராஜுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டு, 14 நாள் அவகாசம் கொடுங்கள்.

மறுபடி வேனை அங்கே விடுவதானால் கவனம். பாக்கிப் பணம் இருக்கும்போது, வேலை செய்தவர் வாகனத்தைத் தன் கையில் தடுத்து வைத்துக்கொள்ள நமது சட்டம் இடம் தருகிறது. இலவசத் திருத்தத்துக்காக மட்டும் ஒப்படைக்கிறேன், பாக்கியைக் காட்டி மறிப்பதில்லை என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே சாவியைக் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: ஆசனங்களைக் கழற்றிக் கட்டில் போட்டதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி எடுத்தீர்களா? இல்லையென்றால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். காப்புறுதிக்காரருக்கும் மாற்றங்களையும் வாடகை நோக்கத்தையும் எழுத்தில் அறிவியுங்கள். கேஸ் சிலிண்டர் வைத்திருந்தால், அது எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும்.